ஆறாம் மாடிக்கு வர வேண்டிய அண்ணி

என்னைப் பேசாமல் இருக்கச் சொல்வதற்குப் பதிலாக மூச்சு விடாமல் இருக்கச் சொல்லலாம். இது என் நாத்தனாரின் கண்டுபிடிப்பு. அதைச் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வது அவள் உத்தியோகம். வேலை நேரத்தில் ஊருக்கே பேசிவிட்டு, மிச்சத்தை எங்களுக்காக வீட்டுக்குக் கொண்டுவருவாள். நான் அழகு நிலையம் நடத்துகிறவள். என் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டிக்கொண்டவர்கள் பாதி முடிவெட்டோடு எழுந்து ஓட முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் அவளுடைய அண்ணன், என் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் எந்த வாக்கியத்தையும் தானாக முடித்ததில்லை. ஆரம்பிப்பார். எங்களில் ஒருத்தி முடித்துவிடுவோம்.

அப்படிப்பட்ட நாத்தனாருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கெட்ட கட்டி. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வாள், குரல் மட்டும் திரும்ப வராது என்று டாக்டர் சொன்னார். நான் அங்கேயே ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை. "என்னிக்கு டாக்டர்?" என்று ஏதோ டிக்கெட் பதிவு செய்வதுபோல் கேட்டாள்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, கடையை மூடப்போறாங்க. இருக்கிற சரக்கையெல்லாம் காலி பண்ணிடணும்."

காலி செய்தாள். விடிந்ததிலிருந்து அடையும்வரை பேசினாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களையெல்லாம் தேடிப்பிடித்துப் போன் செய்தாள். தான் கோபமாக இருந்த விஷயமே தெரியாதவர்களைக் கூப்பிட்டு மன்னித்தாள். தவறான எண்ணுக்குப் போன அழைப்பில்கூட நெடுநேரம் பேசி, அந்த அம்மாளின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற அளவுக்குப் போய்விட்டாள். என் கணவர் ஒருநாள், "தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு..." என்றார். "நாளைக்கு இல்லாத தொண்டைக்கு இன்னிக்கு எதுக்குண்ணா ஓய்வு?" என்று முடித்துவைத்தாள்.

ரயில் நிலையத்திலிருந்து அதிகாரி ஒருவர் பழக்கூடையோடு பார்க்க வந்தார். அவள் குரலை ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கிறார்களாம், இனி எல்லா அறிவிப்பும் அதிலிருந்தே போகுமாம். "உங்க குரலுக்குச் சாவே கிடையாதும்மா" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். அவர் லிஃப்ட் ஏறும்வரை பொறுத்திருந்து என்னிடம் சொன்னாள்: "கேட்டீங்களா அண்ணி? உலகம் முடியுற வரைக்கும் வண்டி தாமதம், தாமதத்துக்கு வருந்துகிறோம்னு சொல்லிக்கிட்டே இருக்கணுமாம். இதுக்குப் பேரு சாகாத வாழ்வாம்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பங்குச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்து நோயில்பூசுதல் கொடுத்தார். எண்ணெய் காய்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஃபாதர், கடைசி நாள்ல நாமெல்லாம் உயிர்த்தெழும்போது நான் தொண்டையோட எழுந்திருப்பேனா, இல்லாமலா?"

"முழுசா எழுந்திருப்பீங்கம்மா. ஒண்ணும் குறையாது."

"குரலு?"

"குரலும்தான்."

என் கணவர், "அப்போ அங்கயும் எங்களுக்கு..." என்றார்.

"நிம்மதி கிடையாதுன்னு சொல்ல வர்றார், ஃபாதர்" என்றேன் நான்.

ஃபாதர் சிரித்தார். அவள் விடவில்லை. "ஸ்டேஷன்ல என் குரலைப் பதிவு பண்ணி வச்சிருக்காங்க. அது பேசும், ஆனா அதுக்குள்ள நான் இருக்க மாட்டேன். பூசையில நீங்க குடுக்கிற அப்பமும் அந்த மாதிரி ஞாபகத்துக்கு வச்ச பதிவா? இல்ல, ஆண்டவர்ங்கிற ஆளே வர்றாரா?"

"ஆளே வர்றார்" என்றார் ஃபாதர். இந்த முறை சிரிக்கவில்லை. "ஞாபகத்துக்குன்னா ஒரு படத்தை மாட்டி வச்சாப் போதுமே. இவர் தன்னையே சாப்பிடக் குடுக்கிறார். சாப்பிடுறவங்களுக்குள்ள அவரோட உயிர் வந்துடுது. அந்த உயிருக்கு முடிவு கிடையாது. நிலைவாழ்வுன்னா செத்தப்புறம் ஆரம்பிக்கிற விஷயம்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. நீங்க அந்த அப்பத்தை நன்மையா வாங்கும்போதே அது உள்ள ஓட ஆரம்பிச்சிடுது."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசித்து நான் பார்ப்பது அபூர்வம். ஆபரேஷன் முடிந்தால் வாரக்கணக்கில் மூக்கில் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. குரல் எப்போதைக்குமே இல்லை. "அப்போ இதுதான் என் முடிவு ஃபாதர். இந்த வாயால நான் கடைசியாச் சாப்பிடறது அந்த அப்பமா இருக்கணும். இந்தக் குரலால கடைசியாச் சொல்றது ஆமென்னா இருக்கணும். அதுக்கப்புறம் எவன் கிள்ளினாலும் வாயைத் திறக்க மாட்டேன்."

ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை எட்டு மணிக்குமேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலைப் பூசை முடிந்ததும் ஃபாதர் ஓர் அடக்கத்துக்குப் போயாக வேண்டும். நோயாளிகளுக்கு நற்கருணை அப்பத்தைக் கொண்டுபோகிற பொறுப்பை அப்போதுதான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஆக, நான்தான்.

ஃபாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கோவில்ல இருந்து நேரா வீடு. கடையில நிக்கக் கூடாது. வழியில வெட்டிப் பேச்சுக் கூடாது. நீங்க சுமக்கிறது யாருன்னு ஞாபகம் இருக்கணும்."

நாத்தனார் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டாள். "அண்ணி வாயைத் திறந்தாங்கன்னா எனக்கு எட்டு மணி அடிச்சிடும் ஃபாதர்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெட்டிப் பேச்சு என்ன, ஒரு பேச்சும் பேசுவதில்லை என்று தீர்மானித்தேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வந்தால் அதன் சொந்தக்காரர்கள் எல்லோரும் பின்னாலேயே வந்துவிடுவார்கள்.

மறுநாள் பூசை முடிந்து, வட்டமான சின்னச் சிமிழில் ஓர் அப்பத்தை வைத்துத் துணிப்பையில் போட்டு என் கழுத்தில் மாட்டினார் ஃபாதர். தெருவில் இறங்கினேன். அன்றைக்கென்று பார்த்து ஊரே என்னிடம் பேச வந்தது. சீப்பு வாங்குகிற கடைக்காரர், "அக்கா, புதுச் சரக்கு வந்திருக்கு" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். எப்போதும் சாயம் பூச வருகிற வங்கி அம்மாள், தன் மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையை நடுத்தெருவில் ஆரம்பித்தாள். ஒரு மாதமாக நான் காத்திருந்த கதை அது. நெஞ்சில் கையை வைத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தேன். பின்னால், "பாவம், பல்லு பிடுங்கியிருக்காங்க போல" என்று யாரோ சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. துணிப்பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, 'ஆண்டவரே, உமக்காக நான் என்னென்ன கதையெல்லாம் விடுகிறேன் பாரும்' என்று மனதுக்குள் சொன்னேன். அந்த வேளையில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என்னோடு ஒருவர் நடந்துவருகிறார், அவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளுக்குள் பேசலாம், வேண்டாம் என்று சொல்ல மாட்டார். கால் தரையில் பாவவில்லை.

எங்கள் வீடு ஆறாம் மாடி. என் முழங்காலுக்கும் படிக்கட்டுக்கும் ஆகாது. லிஃப்டில் ஏறினேன். கூடவே தண்ணீர் கேன் போடுகிறவர் இரண்டு கேன்களோடு ஏறினார். புதிதாக வந்தவர், என்னைத் தெரியாது. "எந்த மாடிங்க?" என்று கேட்டார். பொத்தானை நானே அழுத்தினேன். லிஃப்ட் ஒழுங்காக ஏறி, ஐந்தைத் தாண்டி, ஆறுக்குப் பாதி தூரம் போன நேரத்தில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

கேன்காரர் அபாயப் பொத்தானை அழுத்தினார். கீழே காவலாளி, "உள்ள யாரு?" என்றார் ஒலிபெருக்கியில். கேன்காரர் என்னைப் பார்த்தார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். அவர் முகம் இளகியது. பேச வராதவள் என்று முடிவு கட்டிவிட்டார். "கேன் போடுறவன், கூட வாய் பேச முடியாத ஒரு அம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கைகளால் லிஃப்டை வரைந்து, அது நின்றுவிட்டதை நடித்துக் காட்டி, பயப்பட வேண்டாம் என்று தன் மார்பில் தட்டிக்கொண்டார். அந்த மனிதரின் நல்ல மனசுக்கு நான் பதிலுக்குக் கைகளை ஆட்டினேன். என்ன சொன்னேன் என்று இருவருக்குமே தெரியவில்லை.

இதற்குள் மேலே என் கணவரின் குரல் கேட்டது. காவலாளியிடம் போனில் விசாரித்திருக்கிறார். "கேன்காரரும், பேச முடியாத ஒரு அம்மாவுமாம். அப்போ நம்ம வீட்டு ஆள் இல்ல. நான் கோவில் பக்கம் போய்ப் பார்த்துட்டு..." என்றார் நிம்மதியாக. செருப்பு மாட்டுகிற சத்தமும் கேட்டது.

வாயைத் திறந்து ஓர் அதட்டல் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் லிஃப்ட் கம்பெனியின் பரம்பரை முழுவதையும் தொட்டுவிட்டுத்தான் நின்றிருப்பேன். கழுத்தில் ஆண்டவரை வைத்துக்கொண்டு அது முடியாது. கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

அப்போதுதான் தலைக்கு மேலே அந்தக் குரல் வந்தது. கரகரப்பு ஏறியிருந்தாலும், பெரிய நிலையத்தின் கடைசி நடைமேடைவரை போகிற அதே குரல்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கோவிலிலிருந்து ஆறாம் மாடிக்கு வர வேண்டிய அண்ணி, இயந்திரக் கோளாறு காரணமாகத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்."

எல்லா மாடியிலும் கதவுகள் திறந்தன. சிரிப்புக் கேட்டது.

"கேன்காரரே, கேக்குதா? அந்த அம்மா குள்ளமா, குண்டா இருக்காங்களா?"

கேன்காரர் என்னை ஓரக்கண்ணால் பார்த்து, மரியாதையாக, "கொஞ்சம்" என்றார்.

"கழுத்துல சின்னப் பை தொங்குதா?"

"தொங்குதுங்க."

"மூஞ்சியில கோவம் தெரியுதா?"

"இப்பதான் தெரியுதுங்க."

"அண்ணா, செருப்பைக் கழட்டு. அண்ணிதான்."

பக்கத்துக் கட்டடத்தில் வேலையாக இருந்த லிஃப்ட் மெக்கானிக்கைக் காவலாளி இழுத்து வந்தார். அவர் ஆறாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, உள்கதவையும் தள்ளினார். எங்கள் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. வராந்தாத் தரைக்கும் லிஃப்டின் கூரைக்கும் நடுவில் அவ்வளவுதான் இடம். பூனை வேண்டுமானால் ஏறிப் போகலாம். நான் பூனை இல்லை.

"மேல போய் கையால பிரேக்கை விட்டு அஞ்சாம் மாடிக்கு இறக்கணும்" என்றார் மெக்கானிக். "கொஞ்சம் நேரமாகும்."

"எட்டு அடிக்க எவ்வளவு இருக்குண்ணா?" என்றாள் நாத்தனார். அவர் கடிகாரத்தைக் காட்டியிருக்க வேண்டும். அவள் குரல் அடங்கிவிட்டது. இத்தனை நாள் இறைத்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே, இதை மட்டும் இவளிடமிருந்து பிடுங்கிவிடாதேயும் என்று கழுத்துப் பையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

பிறகு வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப உடுத்திய நல்ல உடையோடு வராந்தாவில் குப்புறப் படுத்து, இடுக்கின் வழியே என்னைப் பார்த்தாள்.

"இப்படியே குடுங்க அண்ணி."

மெக்கானிக் பதறினார். "கையை நீட்டாதீங்கம்மா. வண்டி நகர்ந்தா கை போயிடும்." அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். என்ன பார்வை பார்த்தாளோ, மனிதர் மேலே போய் மின்சாரத்தை அணைத்து, பிரேக் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். "இப்ப அசையாது. சீக்கிரம் முடிங்க."

கேன்காரர் கேட்காமலே ஒரு கேனை நிமிர்த்தி வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஏறுங்கள் என்று சைகை செய்தார். ஏறினேன். என் முகமும் அவள் முகமும் நேருக்கு நேர் வந்தன. சிலுவை அடையாளம் போட்டு, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே" என்றேன். அன்று காலை கோவிலை விட்டு வந்தபின் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். காலுக்குக் கீழே கேன் ஆடியது. "ஐயோ, பேச்சு வந்துடுச்சு" என்றார் கேன்காரர், நடுங்கிப்போய். அற்புதம் நடந்துவிட்டதாகவே அவர் நம்பிவிட்டார். நாத்தனாருக்குச் சிரிப்பு பொங்கியது. எனக்கும்தான். சிரிப்போடுதான் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஆரம்பித்தோம். பின்னால் நின்ற என் கணவரும் சேர்ந்துகொண்டார். அவர் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்லி நான் கேட்டது அந்த ஜெபத்தை மட்டும்தான்.

முடிந்தபோது சிரிப்பு தானாகவே அடங்கியிருந்தது. அவளால் பெரிதாக விழுங்க முடியாது. அப்பத்தை விண்டு, நகத்தளவு துண்டை எடுத்து உயர்த்தினேன்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமென்" என்றாள்.

அறிவிப்புக் குரலில் இல்லை. மெதுவாக, ஒவ்வோர் எழுத்தையும் தொட்டுத் தொட்டு, பிரிய மனசில்லாமல் சொன்னாள். நாக்கில் வைத்தேன். என் கணவர் ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்தார். கஷ்டப்பட்டு விழுங்கினாள். மீதித் துண்டை நான் உட்கொண்டேன். ஒரே அப்பம், அவளுக்குள்ளும் எனக்குள்ளும். அவள் நெற்றியைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே வீட்டுக் கடிகாரம் எட்டு அடித்தது. நான் கேனிலிருந்து இறங்கி, இடுக்கு வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மேலே போகும் முன் மெக்கானிக் என் கணவரிடம், "இப்ப இறக்கப் போறேன் சார். அந்த அம்மாகிட்ட சொல்லி, தள்ளிப் படுக்கச் சொல்லுங்க" என்றார். என் கணவர் அவள் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். "லிஃப்டை இப்ப கீழ..." என்று ஆரம்பித்தார்.

முடித்துவைக்க அன்று யாரும் இல்லை. நான் லிஃப்டுக்குள் இருந்தேன், அவள் இனிப் பேச மாட்டாள். அவரும் பழக்கதோஷத்தில் அங்கேயே நிறுத்திவிட்டார்.

லிஃப்ட் ஒரு வெட்டு வெட்டி இறங்கியது. அவள் கண்ணைத் திறந்தாள். என் முகம் அவள் கண்ணெதிரே கீழே இருட்டுக்குள் போவதைப் பார்த்தாள்.

"அண்ணி" என்று கத்தினாள்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் பயந்தாங்கொள்ளிச் சிறுமியாக இருந்தவள், இடி இடித்தால் அப்படித்தான் கத்திக்கொண்டு என் படுக்கைக்கு ஓடிவருவாள். அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

ஐந்தாம் மாடியில் லிஃப்ட் பூப்போல நின்றது. முழங்காலை மறந்து படியேறி ஓடினேன். அவள் வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்கள் முட்டைபோல விரிந்திருந்தன. இவ்வளவு ஏற்பாடும் பாழாய்ப் போயிற்று. என்னைச் சுட்டிக்காட்டினாள், லிஃப்டைக் காட்டினாள், அண்ணனைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தோள்கள் குலுங்கின. சத்தம் வராமல், கண்ணில் நீர் வழிய, சிரித்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால் இரண்டும்தான்.

"பரவாயில்லடி. இன்னும் தொண்டை இருக்கில்ல? இன்னொரு தடவை ஆமென்னு சொல்லிடு. கடைசி வார்த்தை அதுவாயிடும்."

அவள் என்னைப் பார்த்தாள். வாயிலிருந்து கையை எடுத்தாள். சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். மெதுவாக, இல்லை என்று தலையை ஆட்டினாள். என் கழுத்தில் காலியாகத் தொங்கிய பையைத் தொட்டாள். அதே விரலால் என் கன்னத்தைத் தொட்டாள். இதுவே இருக்கட்டும் என்று அர்த்தம். ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம், மயக்க மருந்து கொடுக்கும்வரை, அவள் வாயைத் திறக்கவில்லை. எவனும் கிள்ளிப் பார்க்கவுமில்லை.

பிழைத்துக்கொண்டாள். மூக்குக் குழாய் போய், இப்போது என்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை வாங்கும்போது அவள் உதடு ஆமென் என்று அசையும், சத்தம் வராது. பின்னால் நிற்கிற நான் அவளுக்கும் சேர்த்து உரக்கச் சொல்கிறேன் என்று ஃபாதரே புகார் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ரயில் தாமதம். நடைமேடையில் அவள் குரலே வந்து தாமதத்துக்கு வருந்தியது. அவள் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்து நாக்கைத் துருத்தினாள். நானும் அண்ணாந்து, வேண்டுமென்றே, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அது தன் பாட்டுக்கு அடுத்த வண்டியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவள்தான் திரும்பிப் பார்த்தாள்.

வண்டி வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் வழக்கத்துக்கு மாறாகச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு லிஃப்ட் இறங்கும்போது அண்ணி என்று கூப்பிட்டு ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தாள், அதை இன்னும் முடிக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் நானாக முடித்துவைக்கப் போவதில்லை. அவளையும் என்னையும் ஆண்டவர் எழுப்புகிற நாளில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். நீளமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், அங்கே எட்டு அடிக்காது.